வலது பக்கம் ஒரு மாத்திரை

எங்கள் ஸ்கேன் பிரிவுக்குப் புது சி.டி. மெஷின் வந்திருக்கிறது. படுக்கைக்கு நேர் மேலே, கூரையில், ஒரு கேமரா. படுத்திருப்பவருக்குத் தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம், மல்லாந்திருக்கிறாரா குப்புறவா என்பதையெல்லாம் அதுவே பார்த்து அதுவே பதிந்துகொள்ளுமாம். மெஷினைப் பொருத்த வந்த பொறியாளர், எங்கள் ஆட்கள் ஒரு கைக்குழந்தையின் வலது நெற்றிப்பொட்டில் மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றை வைத்து பிளாஸ்திரி ஒட்டுவதைப் பார்த்திருக்கிறார். இது எதற்கு, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் பதில் தெரியவில்லை. ஞானசேகர் சார் காலத்துப் பழக்கம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஞானசேகர் நான்தான். நந்தினி போன் செய்தாள். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள்.

"சார், அந்த மாத்திரை நீங்க கண்டுபுடிச்சதுதானே? இனிமே வேணுமா வேணாமான்னு மீட்டிங் போட்டிருக்காங்க. எப்படி வந்துச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. உங்க பேரையே போட்டு ஒட்டிடலாம்."

ஓய்வுபெற்ற இந்த இரண்டு வருடத்தில், பெங்களூர் மர்பி டவுன் வீட்டில் உட்கார்ந்தபடி நான் கண்டுபிடித்த ஒரே விஷயம், பகலில் நான் வீட்டில் இருப்பது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை என்பதுதான். அதற்கு முன்பும் நான் எதையும் கண்டுபிடித்தவன் இல்லை. ஆமாம்மா, நான்தான் என்று சொல்லிவிட்டு சுவரில் பெயரை ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்ய எனக்கு ஒரு நாள் முழுக்க ஆசையாகவும் இருந்தது. ஆனால் அந்த மாத்திரை என் புத்திசாலித்தனத்தால் வந்ததில்லை. அதனால்தான் இரண்டு பக்கம் கேட்டதற்கு இவ்வளவு எழுதுகிறேன்.

என் அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். நான் இருட்டறையில் வேலை பார்த்தேன். குடும்பத்தில் வெளிச்சத்துக்கு வருகிற பழக்கம் கிடையாது. எக்ஸ்ரே டிப்ளமாவுக்கு விண்ணப்பம் போட்டவன் என் நண்பன். ஒற்றை ஆளாகப் போக பயந்துகொண்டு என் பெயரையும் எழுதிவிட்டான். எனக்கு இடம் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. காலை ரயிலில் தங்கவயலிலிருந்து பெங்களூர் வந்து, சாயங்கால ரயிலில் திரும்பி, பெட்டியின் ஆட்டத்தில் தூங்கிக்கொண்டே படித்தேன். வேலையில் சேர்ந்த முதல் வாரம், பிலிம் கழுவிக்கொண்டிருந்த இருட்டறைக் கதவைத் திறந்து, "டீ சாப்பிட வர்றீங்களா" என்று மரியாதையாகக் கேட்டேன். பதினோரு பேருடைய எலும்புகள் அந்த ஒரு கேள்வியில் கறுத்துப்போயின.

அந்தக் காலத்தில் எங்களிடம் ஈய எழுத்துகள் இருந்தன. வலதுக்கு ஆர், இடதுக்கு எல். படம் எடுக்கும்போது அந்த எழுத்தைப் பக்கத்தில் வைத்தால் பிலிமிலேயே விழுந்துவிடும். ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், எங்கள் தொழிலில் படம் என்பது எதிரே நிற்கிற ஆள் மாதிரி. அவருடைய வலது கை நமக்கு இடப்பக்கம் தெரியும். எழுத்து இல்லாத படம் விலாசம் இல்லாத கடிதம். சி.டி. வந்தபிறகு வலது இடது எல்லாவற்றையும் மெஷினே எழுதிக்கொண்டது. ஈய எழுத்துகள் மேஜை இழுப்பறைக்குப் போயின. என்னுடைய எல் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டேன். மெஷினுக்கு ஒன்றே ஒன்று சொன்னால் போதும்: ஆள் தலை முதலில் உள்ளே போகிறாரா, கால் முதலில் போகிறாரா. அதை வைத்து எது வலது, எது இடது என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். தலையைப் படமெடுக்கத் தலைதான் முதலில் போகும். ஆகவே திரையில் அதற்கான கட்டத்தில் எப்போதும் 'தலை முதலில்' என்றே இருக்கும். வருடக்கணக்கில் நான் அதைத் தொட்டதில்லை.

எங்கள் பிரிவின் தலைவி டாக்டர் வத்சலா. மூன்று தலைமுறைக்கு முன்பே மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். பட்டுப்புடவைக்குக் கீழே ஓடுவதற்கான ஷூ போட்டிருப்பார். படம் பார்க்கும் அறையில் விளக்கே போட மாட்டார். இருட்டில் திரையின் வெளிச்சம் மட்டும் முகத்தில் விழும். யாராவது கெட்ட செய்தி கொண்டுவந்தால் மட்டும் எழுந்துபோய் விளக்கைப் போடுவார். முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. என் ஜோக்குகளுக்குச் சிரித்ததும் இல்லை. மற்ற எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டேன், இவர் ஒருவர் பாக்கி என்று ரொம்ப வருடம் முயற்சி செய்துகொண்டிருந்தேன்.

நடந்து பத்து வருடம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, ஐந்து மாதப் பெண் குழந்தை. அம்மா பெயர் ரேவதி. குழந்தைக்குப் பிறவியிலேயே ஒரு அபூர்வக் குறைபாடு. அதற்கு ஒரு வெளிநாட்டு மருத்துவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். நாற்பது தடவை கேட்டிருப்பேன், ஒரே மாதிரி இரண்டு தடவை உச்சரித்ததில்லை. முகத்தில் ஒரு பாதி வளராமல் நின்றுவிடும். தாடை சிறுத்திருக்கும், காது சரியாக உருவாகியிருக்காது. இதோடு இந்தக் குழந்தைக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மூளைக்குள் நீர் ஊறுகிற அறைகள் இடமும் வலமுமாக இரண்டு உண்டு. ஊறிய நீர் ஒரு சின்னத் துவாரம் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். வழி அடைத்தால் தலை வீங்கும். தலையில் நீர் கோத்த குழந்தைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோருக்கும் இரண்டு பக்கமும் வீங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் வீங்குவது ரொம்ப அரிது. அன்றைக்குக் காலை அது எனக்குத் தெரியாது. படம் எடுத்தால்தானே தெரியும்.

குழந்தை தலையில் பச்சை நிறக் கம்பளிக் குல்லா. காதை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சு. பெங்களூரில் குல்லா போடாத கைக்குழந்தையைத்தான் அதிசயமாகப் பார்ப்பார்கள். கழற்றச் சொன்னேன். ரேவதி கழற்றவில்லை.

"இருக்கட்டுமே சார். குளுருது."

பேச்சைக் கேட்டதும் பிடிபட்டது. "நீ எந்த லைன்மா?" என்றேன். தங்கவயல்காரர்களிடம் ஊர் கேட்க மாட்டோம், தொழிலாளர் குடியிருப்பில் எந்த லைன் என்றுதான் கேட்போம்.

அவள் முகம் கொஞ்சம் இளகியது. சொன்னாள். எங்கள் லைனிலிருந்து ரெண்டு லைன் தள்ளி. இப்போது கட்டிக்கொடுத்து பெங்களூர் அடுகோடியில், புருஷனுக்கு லேத் பட்டறையில் வேலை.

"அப்ப நம்ம ஊட்டுப் பொண்ணு. குல்லா இருக்கட்டும்மா. இந்த மெஷின் மண்டை ஓட்டையே தாண்டிப் பாக்கும், கம்பளி என்ன பெரிய கம்பளி."

பெரிய மனது என்னுடையது. பெரிய மனதுக்குள் கொஞ்சம் சோம்பேறித்தனமும் இருந்தது. அந்த முடிச்சு இறுகிப்போயிருந்தது.

மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டரம்மாவுக்கு ஒரே கவலை. தாடை சிறுத்த குழந்தைக்கு மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டால் திறப்பது கஷ்டம். தலை முதலில் போனால் முகம் மெஷின் வளையத்துக்கு அந்தப் பக்கம் போய்விடும், கை எட்டாது.

"சேகர், தலை என் பக்கம் இருக்கணும். காலை முதல்ல விடுங்க. சின்னக் குழந்தைதானே, முழுசா உள்ள போய்த் தலை கடைசியில வரட்டும்."

அது சரியான யோசனை. அப்படியே செய்தேன். தட்டையான மெத்தை போட்டு, பக்கவாட்டில் துணிச்சுருள் வைத்து, காலை முதலில் விட்டேன். டாக்டரம்மா விரலால் தாடையைத் தூக்கிப் பிடித்தபடி கூடவே நின்றார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். குழந்தையின் மூச்சைப் பார்த்தேன். அளவைப் பார்த்தேன். கதிர்வீச்சைக் குறைத்தேன். எல்லாம் செய்தேன். அந்த ஒரு கட்டத்தை மட்டும் தொடவில்லை. அதில் 'தலை முதலில்' என்றே இருந்தது.

படம் வந்தது. இடது அறை பலூன் மாதிரி வீங்கி, நடுச்சுவரை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. வலது பாதி நல்ல பாதி, நெருக்கப்பட்டாலும் ஒழுங்காக இருந்தது. சி.டி. தலையை ரொட்டித் துண்டு மாதிரி வெட்டு வெட்டாகக் காட்டும்; கீழ்வெட்டுகளில் இடது காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் குமிழ் மட்டும். பாவம், எல்லாக் கஷ்டமும் ஒரே பக்கமாக வந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புத்தான் பிறகு காப்பாற்றியது. இதில் என் சாமர்த்தியம் எதுவும் கிடையாது.

வத்சலா மேடம் விளக்கில்லாத தன் அறையில் படத்தைப் பார்த்து அறிக்கை எழுதினார். மறுநாள் காலை எட்டு மணிக்கு முதல் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. வீங்கிய பக்கம் மண்டையில் சின்னத் துளை போட்டு, அதன் வழியாகக் குழல் விட்டு, இரண்டு அறைகளுக்கும் நடுவே இருக்கிற சுவரில் ஒரு ஓட்டை போடுவது. தேங்கிய நீர் நல்ல அறைக்குள் போய் அங்கிருந்து வடிந்துவிடும்.

மதியம் இரண்டு மணிக்கு கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு, யாரையோ கிண்டல் செய்துகொண்டே, வார்டுக்குப் பின்னால் இருக்கிற புங்க மரத்தடி வழியாக வந்தேன். வெயில் விழுகிற திண்டில் ரேவதி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குல்லா இல்லை. சிகிச்சைக்காக வார்டில் அதற்குள் தலையைச் சிரைத்திருந்தார்கள், இடது பாதியை மட்டும். என்னைப் பார்த்ததும் சட்டென்று குல்லாவைப் போட எடுத்தாள். அதற்குள் குழந்தை தலையைத் திருப்பிவிட்டது.

இடது பக்கம் மொட்டை. அதன் கீழே ரோஜா இதழ் மாதிரி முழுசாக ஒரு காது. வலது பக்கம் சுருள்முடி. அதன் கீழே காது இல்லை, ஒரு குமிழ்.

என் மூளை மெதுவாகத்தான் வேலை செய்யும், எல்லோருக்கும் தெரியும். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. "சாப்டியாம்மா" என்று கேட்டேன். "சாப்டேண்ணா" என்றாள். நாலு எட்டு நடந்த பிறகுதான் கால் நின்றது. படத்தில் வீக்கமும் காதில்லாததும் ஒரே பக்கம். குழந்தையிடம் மொட்டை ஒரு பக்கம், காதில்லாதது மறு பக்கம்.

மெஷினுக்கு வந்து பதிவைத் திறந்தேன். 'தலை முதலில்.' குழந்தை போனது கால் முதலில். படம் கண்ணாடியில் பார்த்தது மாதிரி முழுசாகப் பக்கம் மாறிக் கிடந்தது. உண்மையில் வீங்கியிருப்பது வலது. நாளைக் காலை எட்டு மணிக்குத் துளை போடப்போவது இடது. அந்தக் குழந்தைக்கு மிச்சம் இருந்த நல்ல பாதியில்.

இதற்கு மேல் எழுதுவதைத்தான் நந்தினி கவனமாகப் படிக்க வேண்டும். அந்தப் பதிவைத் திருத்துவதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு முறை அழுத்தினால் படம் பக்கம் மாறிவிடும். மறுபடி அனுப்பிவிட்டு, "மேடம், சிஸ்டத்துல ஏதோ கோளாறு, படம் தப்பா வந்திருக்கு, இதைப் பாருங்க" என்றால் முடிந்தது. சிஸ்டம் வாய் திறந்து மறுக்காது. என் கை அந்த இடத்துக்குப் போனது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பேன்ட் பையில் சாவிக்கொத்தின் ஈய எல் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. டாக்டரம்மா கடைசி நிமிஷத்தில் மாற்றச் சொல்லி, தலையை முதலில் விட்டு எடுத்தேனா? இல்லை என்று தெரியும். ஆனால் சத்தியம் பண்ண முடியுமா? எனக்கே நிச்சயமில்லாத ஒன்றை நான் தனியாகத் திருத்தினால், இரண்டாவது தடவையும் அந்தக் குழந்தையை வைத்துச் சூதாடுகிறேன் என்று அர்த்தம்.

எழுந்து மேடம் அறைக்குப் போனேன். இருட்டாக இருந்தது. பயம் வந்தால் எனக்கு ஜோக்தான் வரும், பிறவிக் குறைபாடு.

"மேடம், இன்னைக்கு நான் ஒரு ஜோக் பண்ணிட்டேன்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு நொடி கழித்து எழுந்துபோய் விளக்கைப் போட்டார்.

"உக்காருங்க சேகர்."

உட்கார்ந்தேன். சொன்னேன். மூன்று கேள்வி கேட்டார்.

"குழந்தையை எப்படி உள்ள விட்டீங்க?"

"கால் முதல்ல, மேடம்."

"மெஷின்ல?"

"தலை முதல்ல."

"வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. உங்ககிட்டதான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேஜையில் இருந்த காகிதங்களைப் புரட்டி, குழந்தை நல மருத்துவர் அனுப்பிய சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். அதில் தெளிவாக எழுதியிருந்தது: வலது காது வளர்ச்சியில்லை.

"காலையில இதை நான் படிச்சேன், சேகர். படத்துல இடதுன்னு இருந்தது. இதை எழுதின பையன் புதுசு, அவசரத்துல மாத்தி எழுதிட்டான்னு நினைச்சேன். மெஷின் எதுக்குத் தப்பு பண்ணும்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒந்து போன், ஒரே ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். பண்ணலை."

தவறுகள் எழுதும் பதிவேடு ஒன்று எங்களிடம் இருந்தது. அதை எடுத்து, என் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதினார். கீழே எனக்கு இடம் விட்டுப் பேனாவைக் கொடுத்தார்.

பிறகு போன் செய்யாமல், லிஃப்டுக்கும் காத்திருக்காமல், அந்த ஓடுகிற ஷூவில் மூன்று மாடி ஏறினார். நான் பின்னால். அறுவை மருத்துவர் இக்பால் பிரேசர் டவுன்காரர், வராந்தா முழுக்கக் கேட்கிற குரல். எங்களைப் பார்த்ததும், "க்யா சேகர், என்ன புதுக் கதை கொண்ணாந்தே?" என்றார். மேடம் என்னைப் பார்த்தார். நானே சொன்னேன்.

இக்பால் தன் வலது கை விரல்களைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில நல்ல பக்கம் துளை போட்டு, தண்ணி எங்கேன்னு தேடியிருப்பேன்" என்றார். கிட்டத்தட்டத் தனக்குத்தானே. பிறகு, "எனக்குப் புதுப் படம் வேணும். திருத்தின படம் வேணாம். இதுதான் வலதுன்னு எனக்கு யாராவது காட்டணும்."

பிரச்சினை அதுதான். மறுபடி மயக்க மருந்து கொடுத்தால் அந்தத் தாடைக்கு ஆபத்து. மேடம் முடிவெடுத்தார். மருந்து இல்லை. பால் குடித்துத் தானாகத் தூங்கட்டும், துணியில் இறுகச் சுற்றி, தூக்கத்திலேயே இரண்டே இரண்டு வெட்டுப் படம்.

"அம்மாகிட்ட யார் சொல்றது, மேடம்?"

"நீங்கதான். உங்க ஊருப் பொண்ணுன்னு சொன்னீங்களே. நான் பக்கத்துல நிக்கறேன்."

முப்பது வருடமாக வாயை வைத்துப் பிழைத்தவன் நான். அந்தத் திண்டு வரைக்கும் போவதற்குள் ஒரு ஜோக்கும் வரவில்லை. சொன்னேன். பக்கம் மாறிவிட்டது, தப்பான பக்கம் சிரைத்துவிட்டார்கள், நல்லவேளை தெரிந்தது, மறுபடி எடுக்க வேண்டும். ரேவதி கேட்டுக்கொண்டே குழந்தையின் மொட்டைப் பக்கத்தைக் கையால் மூடினாள். கத்துவாள், புருஷனுக்குப் போன் போடுவாள் என்று நினைத்தேன்.

"கிரகணத்தன்னிக்கு நான் காய் நறுக்கினேனாம். அதான் காது இல்லாமப் பொறந்துச்சாம். ஊட்ல பேச்சு. அதுக்குத்தான் ஆருக்கும் காட்டாம மூடியே வெச்சிருந்தேன்." குல்லாவை எடுத்துக் குழந்தைக்குப் போட்டாள். "காலையில நான் குல்லாவக் கழட்டியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமாண்ணா?"

உண்மையைச் சொன்னால், தெரிந்திருக்கலாம். எனக்குத் தப்பித்துக்கொள்ள அவளே வழியைத் திறந்து வைத்திருந்தாள். ஆமாம்மா, நீ கழற்றியிருக்கணும் என்று ஒரு வார்த்தை போதும். கிரகணத்தோடு இதையும் சேர்த்து அவள் ஆயுசுக்கும் சுமந்திருப்பாள்.

"குல்லா இருக்கட்டும்னு சொன்னது நான்" என்றேன். "பட்டனை மாத்தாம விட்டதும் நான். இதுல உன் பங்கு ஒண்ணும் இல்லம்மா."

மேடம் குனிந்து, "இதுல என் பேரும் இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

நாலு மணிக்கு மெஷின் அறையின் விளக்குகளைக் குறைத்தோம். குளிர்சாதனத்தை நிறுத்தினோம். ரேவதி மூலையில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். மேடம் வார்டிலிருந்து ஒரு மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிவந்திருந்தார். மஞ்சளாக, கண்ணாடி போல. எண்ணெய் படத்தில் சாம்பலாக ஒரு பொட்டு மாதிரி விழும் என்றார். அதை நீட்டியபடி, "இவளோட வலது பக்கம் எது, சொல்லும்மா" என்று கேட்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் யாருடைய வாயிலிருந்தும் அது வரக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

ரேவதி குல்லாவின் முடிச்சை அவிழ்த்தாள். எல்லோர் முன்னாலும் கழற்றினாள்.

"காது இல்லாத பக்கம்" என்றாள்.

"நீயே ஒட்டு."

அவளே வைத்தாள். நான் பிளாஸ்திரி கிழித்துக் கொடுத்தேன். குழந்தை தூங்குவதற்காக நாங்கள் காத்திருந்தோம். மயக்க மருந்து டாக்டரம்மா மருந்து இல்லாமல், வெறும் கையோடு தாடைக்கு அருகே உட்கார்ந்திருந்தார். இக்பால் டாக்டர் கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இமை ஒருமுறை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. இத்தனை படித்தவர்கள் ஒரு குழந்தை கண்ணை மூடுவதற்காக மூச்சைப் பிடித்து நின்றதை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் இல்லை. துணி சுற்றி, இந்த முறையும் காலை முதலில் விட்டோம். கட்டத்தில் 'கால் முதலில்' என்று மாற்றினேன். மேடம் என் தோளுக்குப் பின்னால் நின்று அதை வாய்விட்டுப் படித்தார். டாக்டரம்மா படித்தார். இக்பால் டாக்டரும் படித்தார், அவருடைய குரலில் இல்லாமல், கிசுகிசுப்பாக.

இரண்டு வெட்டு. திரையில் வலது என்று மெஷின் எழுதிய பக்கத்தில் அந்தச் சாம்பல் பொட்டு. அதே பக்கம் காது இல்லை. அதே பக்கம் வீங்கிய அறை. மூன்றும் ஒரே பக்கம்.

மறுநாள் எட்டு மணிக்கு வலது பக்கம் துளை போட்டார்கள். வலது பாதியையும் சிரைக்க வேண்டியதாயிற்று, முழு மொட்டை. சிகிச்சை நடந்த இரண்டு மணி நேரமும் எனக்கு வேலை இருந்தது. ஏழெட்டுப் பேருக்குப் படம் எடுத்தேன், எல்லோரிடமும் உங்கள் வலது கையைத் தூக்குங்கள் என்றேன். ஒரு பெரியவர், "ஏன்ப்பா, உனக்கு வலது இடது தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது ஐயா என்றேன்.

குழந்தை பிழைத்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. அந்த அபூர்வக் குறைபாடு போகவில்லை. நடக்க ரொம்ப நாள் ஆயிற்று. இடது கை இன்றும் கொஞ்சம் பின்தங்கித்தான் வருகிறது. ஒரு காதால் கேட்கிறாள். ஓட்டை இரண்டு முறை அடைத்துக்கொண்டது, இரண்டு முறை திறந்தார்கள்.

அந்த வாரமே மேடம் ஒரு உத்தரவு போட்டார். கைக்குழந்தையின் தலைப்படம் எதுவானாலும் வலது நெற்றிப்பொட்டில் ஒரு மாத்திரை. குழந்தையின் அம்மாவையோ அப்பாவையோ கேட்டு, அவர்கள் கையாலேயே ஒட்டவைப்பது. உத்தரவில் காரணம் எழுதவில்லை. காரணம் பதிவேட்டில் இருக்கிறது, இரண்டு கையெழுத்தோடு. மேடம் ஓய்வுபெற்றுப் போனபிறகு, பழைய ஆள் என்று மிஞ்சியவன் நான் மட்டும். மாத்திரை என் பெயருக்கு வந்துவிட்டது. ஒருவரும் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை. அதுவும் ஒரு தப்பு. இப்போது எழுதிவிட்டேன்.

நந்தினி, மீட்டிங்கில் என்ன முடிவெடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேமரா என்னைவிடக் கெட்டிக்காரனாகத்தான் இருக்கும், அதற்குப் பெரிய தகுதி வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்.

சிகிச்சை முடிந்த மூன்றாவது மாதம் ரேவதி மறுபடி படம் எடுக்க வந்தாள். மார்கழி மாதம், காலை ஏழரை மணி, வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் எல்லாம் கம்பளி மூட்டைகள். இவள் குழந்தைக்கு மட்டும் உடம்பெல்லாம் ஸ்வெட்டர், தலையில் ஒன்றும் இல்லை. புதிதாக முளைத்த முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். காதில்லாத பக்கம் எல்லோருக்கும் தெரியும்படி வெளிச்சத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவள் பார்க்க விட்டாள்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"ஏம்மா, இந்தக் குளிர்ல ஒரு குல்லா போடக் கூடாதா?"

மாத்திரைக்காகக் கையை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"போட்டா உங்களுக்குப் பக்கம் தெரியாதேண்ணா."

படம் பார்க்கும் அறையிலிருந்து யாரோ சிரித்தார்கள். எட்டிப் பார்த்தேன். விளக்கு இல்லை. திரை வெளிச்சத்தில் வத்சலா மேடத்தின் முகம்.